ஏழாவது கேள்விக்கு என்ன எழுதுவது?

போன மாதம் ஒரு விளம்பர ஏஜென்சியிடமிருந்து படிவம் ஒன்று வந்தது. அரசின் சுகாதார விளம்பரம் ஒன்றுக்கு எந்தெந்த மொழி ஊடகங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பட்டியல் தயாரிக்கிறார்கள், எங்கள் விவரத்தையும் அனுப்பச் சொன்னார்கள். நிகழ்ச்சியின் பெயர், நேரம், நிலையத்தின் பதிவு எண், முப்பது விநாடிக்கு என்ன கட்டணம் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்து ஏழாவது கேள்வியில் நின்றுவிட்டேன். "உங்கள் நேயர்கள் எத்தனை பேர்? கணக்கெடுப்பு ஆதாரத்தை இணைக்கவும்." மெல்பனில் ஒரு பன்மொழிச் சமூக வானொலியில் வாரம் ஒரு மணி நேரத் தமிழ் நிகழ்ச்சி நடத்தும் குழுவில் பன்னிரண்டு வருடங்களாக இருக்கிறேன். இந்தப் பன்னிரண்டு வருடமும் ஏதாவது ஒரு படிவத்தில் இந்தக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒருமுறைகூட எங்களால் மனதறிந்து ஓர் எண்ணை எழுத முடிந்ததில்லை.

ஏன் முடியவில்லை என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் 95,404 பேர். நாட்டின் மொத்த மக்கள்தொகை அப்போது சுமார் 2 கோடியே 54 லட்சம். அதாவது எந்தத் தெருவிலிருந்தாவது ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து ஆய்வு நடத்தினால், அந்த ஆயிரத்தில் தமிழர்கள் நான்கு பேர் தேறுவதே கடினம். அந்த நான்கு பேரில் ஒருவர் சிட்னியில் இருப்பார், ஒருவருக்கு வயது மூன்றாக இருக்கும், மீதி இருவர் சனிக்கிழமை காலை எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டார்களா இல்லையா என்பதை வைத்து யார் என்ன முடிவுக்கு வர முடியும்? தமிழர்களை மட்டும் தேடித் தேடித் தனியாக ஓர் ஆய்வு நடத்தலாம்தான், ஆனால் அதற்கு ஆகும் செலவில் எங்கள் நிகழ்ச்சியைப் பல வருடம் நடத்திவிடலாம். பெரிய ஊடகங்களால் மட்டுமே வாங்க முடிகிற ஆதாரத்தைச் சின்ன மொழிகளிடம் கேட்கிறார்கள். கொடுக்க முடியாதபோது நேயரே இல்லை என்று அர்த்தமாகிவிடுகிறது.

எங்கள் குழுவில் ஆறு பேர். நான் ஒருவன்தான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவன். மற்ற ஐந்து பேரும் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்புக்காரர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஒருவர் பஸ் ஓட்டுகிறார், ஒருவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார், ஓர் அக்கா கணக்காளர். வெள்ளிக்கிழமை இரவு செய்தி தொகுத்து, சனிக்கிழமை காலை எங்களுக்கு முன் ஒலிபரப்பும் வேறொரு மொழிக் குழு எழுந்திருக்கிற சூட்டோடு ஸ்டுடியோவுக்குள் போய் உட்காருவோம். ஒலிக்கட்டுப்பாட்டை நாங்களே மாறி மாறிப் பார்த்துக்கொள்வோம். வருடத்துக்கு ஒருமுறை நேயர்களிடம் நேரலையில் நிதி கேட்போம், அதில் வருவதுதான் எங்கள் பெரிய வரவு.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது அந்தப் படிவம் மட்டுமல்ல. 2020இல், கொரோனா காலத்தில் நடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த வருடம் ஜூலை 4, சனிக்கிழமை. ஸ்டுடியோ மூடியிருந்ததால் வீட்டிலிருந்தே பதிவுசெய்து அனுப்பிய நிகழ்ச்சி காலையில் ஒலிபரப்பாகி முடிந்திருந்தது. அன்று மாலை மெல்பனின் பிளெமிங்டன், நார்த் மெல்பன் பகுதிகளில் இருக்கும் ஒன்பது அரசுக் குடியிருப்புக் கோபுரங்களை விக்டோரியா மாநில அரசு உடனடியாக அமலுக்கு வரும்படி அடைத்தது. உள்ளே சுமார் மூவாயிரம் பேர், ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த அகதிக் குடும்பங்கள் நிறைய. கீழே போலீஸ் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று சொல்ல அவர்கள் மொழியில் ஆளில்லை. பிறகு டிசம்பரில் மாநிலக் குறைகேள் அதிகாரியின் அறிக்கை அந்த உடனடி அடைப்பு மனித உரிமைச் சட்டத்துக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னது. அதே காலத்தில்தான் பாரசீகத்தையும் அரபியையும் ஒரே வாக்கியத்தில் கலந்து அச்சிட்ட முகக்கவச அறிவிப்பு வெளியாகி, பத்திரிகைகளில் பெரிய செய்தியானது. இரண்டும் ஏறக்குறைய ஒரே எழுத்தில் எழுதப்படுகிற மொழிகள்தான், ஆனால் படிக்கிற ஒருவரிடம் ஒருமுறை காட்டியிருந்தால் போதும், அப்படி அச்சேறியிருக்காது.

எங்களுக்கும் ஒரு விளம்பரப் பிரதி வந்தது. பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லும் விளம்பரம். யாரோ எங்கோ மொழிபெயர்த்து, வேறு யாரோ சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டு, ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது. அதில் "இன்றே பரீட்சிக்கப்படுங்கள்" என்று இருந்தது. இலங்கைத் தமிழில் பரீட்சை என்றால் பள்ளிக்கூடத்தில் எழுதுவது. மாற்றலாமா என்று கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு, ஒப்புதல் பெற்ற பிரதி இதுதான், அப்படியே வாசியுங்கள் என்று பதில் வந்தது. வாசித்தோம். அடுத்த வாரம் ஒரு அம்மா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, ஏதோ சோதினை எழுதச் சொல்லுறியளே, எங்க போய் எழுதிறது?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எழுபது வயதுக்கு மேல் ஆனவர், தனியாக இருக்கிறார், வெளியே போனாலும் தப்பு போகாவிட்டாலும் தப்பு என்ற பயத்தில் இருந்தவர். அன்றைக்கு நாங்கள் ஒரு முடிவெடுத்தோம். விளம்பரத்தை எழுத்து மாறாமல் வாசிப்போம், அது முடிந்ததும் எங்கள் நேரத்தில் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு அதே விஷயத்தைப் பேச்சுத் தமிழில் சொல்வோம். எங்கே போக வேண்டும், மூக்கில் எதை விடுவார்கள், வலிக்குமா, விசா இல்லாதவர் போனால் பெயரைக் குடிவரவுத் துறைக்குக் கொடுப்பார்களா என்று. இந்தக் கடைசிக் கேள்விதான் அதிகம் பேர் கேட்டது, விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. சில மாதங்கள் கழித்து அதே அம்மா மறுபடியும் கூப்பிட்டார். "டொக்டர் சொல்லேக்க எனக்கு விளங்கேல்லைத் தம்பி. நீங்கள் ரேடியோவில சொல்லேக்கதான் விளங்கினது" என்றார். அந்த முப்பது விநாடிக்கு எங்களுக்குக் காசு வந்தது. அவருக்கு விளங்கவைத்த பத்து நிமிடத்துக்கு யாரும் எதுவும் தரவில்லை, அப்படி ஒன்று நடந்ததே விளம்பரம் தந்தவர்களுக்குத் தெரியாது.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் அரசுப் பன்மொழி வானொலி பிறந்ததே ஓர் அரசு அறிவிப்புக்காகத்தான். 1975இல் பிரதமர் விட்லமின் அரசு மெடிபேங்க் என்ற பொதுச் சுகாதாரக் காப்பீட்டைக் கொண்டுவந்தது, இன்றைய மெடிகேருக்கு முன்னோடி அது. ஜூலை 1 முதல் திட்டம் நடைமுறைக்கு வருகிறது, லட்சக்கணக்கான கிரேக்கர்களுக்கும் இத்தாலியர்களுக்கும் துருக்கியர்களுக்கும் அரபு மொழி பேசுகிறவர்களுக்கும் அதை எப்படிச் சொல்வது? அதற்காக ஜூன் மாதம் சிட்னியில் 2ஈஏ, மெல்பனில் 3ஈஏ என்று இரண்டு நிலையங்களைப் பரிசோதனையாகத் தொடங்கினார்கள். சிட்னியில் ஏழு மொழி, மெல்பனில் எட்டு. சில மாதம் ஓட்டிப் பார்ப்பதாகத்தான் பேச்சு, ஆனால் நிறுத்த முடியவில்லை. மக்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். 1978 தொடக்கத்தில் எஸ்.பி.எஸ். என்ற அரசுப் பன்மொழி ஒலிபரப்பு நிறுவனம் உருவானபோது இந்த இரண்டு நிலையங்களும்தான் அதன் அடித்தளம். இன்று எஸ்.பி.எஸ். அறுபதுக்கு மேற்பட்ட மொழிகளில் பேசுகிறது, தமிழும் அதில் ஒன்று.

1975இல் ஆட்சியில் இருந்தவர்கள் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தார்கள். மக்களிடம் சொல்ல நமக்கு ஒரு செய்தி இருக்கிறது, அதைச் சேர்க்க அவர்கள் நம்புகிற ஒரு குரல் வேண்டும், அந்தக் குரலுக்கு நாம் இடமும் பணமும் கொடுக்க வேண்டும். செய்தி, குரல், பணம் மூன்றும் ஒன்றாக இருந்தன. இன்று மூன்றும் மூன்று திசையில் கிடக்கின்றன.

பணத்தில் இரண்டு வகை இருக்கிறது, வெளியே இருப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகவே பார்ப்பார்கள். ஒன்று மானியம். சமூக வானொலிகளுக்கு அரசு ஒதுக்கும் நிதியை 1984இல் அமைந்த சமூக ஒலிபரப்பு அறக்கட்டளை பிரித்துக் கொடுக்கிறது, பிற மொழி நிகழ்ச்சிகளுக்கென்று அதில் தனிப் பங்கு உண்டு. அமைச்சர் நேரடியாகக் கையில் கொடுப்பதில்லை என்பது மிகப் பெரிய நல்ல விஷயம். இந்த மானியம் இல்லையென்றால் பிரிஸ்பேனிலும் அடிலெய்டிலும் மெல்பனிலும் பெர்த்திலும் இருக்கும் பன்மொழி நிலையங்கள் பலவும் எப்போதோ மூடியிருக்கும். அதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். இரண்டாவது, விளம்பரம். சட்டப்படி சமூக வானொலி விளம்பரம் ஒலிபரப்பக் கூடாது. ஆதரவாளர் அறிவிப்பு என்று சொல்லி மணிக்கு ஐந்து நிமிடம் வரை போடலாம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் அரசுத் துறையின் அறிவிப்பும் வரலாம், தெருமுனைக் கடையின் அறிவிப்பும் வரலாம்.

மானியம் தருகிறவர், நீங்கள் இருப்பது நல்லது என்கிறார். விளம்பரம் தருகிறவர், உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்கிறார். எனக்கு இரண்டாவதுதான் மேலாகத் தெரிகிறது. மானியத்துக்கு விண்ணப்பிக்கிறபோது எங்கள் பண்பாடு எவ்வளவு அழகானது, அதை எப்படிக் காப்பாற்றுகிறோம் என்றெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது. விளம்பரம் அப்படியில்லை. உங்களுக்கு ஒரு மூதாட்டியிடம் செய்தி சேர வேண்டும், அவர் எங்களைத்தான் கேட்கிறார், இதோ எங்கள் கட்டணம். நேருக்கு நேர் நின்று பேசுகிற பேச்சு அது. அரசு வெகுஜனத் தொலைக்காட்சிக்கு விளம்பரம் கொடுக்கும்போது யாரும் அதை ஆதரவு என்றோ உதவி என்றோ சொல்வதில்லை. மொழி ஊடகத்துக்குக் கொடுத்தால் மட்டும் ஏன் அது உதவியாகிறது?

சரி, அந்த விளம்பரப் பணம் எங்கே போகிறது? விதிகள் இல்லாமல் இல்லை. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் அரசு தன் விளம்பரப் பிரச்சாரங்களின் ஊடகச் செலவில் குறைந்தது 7.5 சதவீதத்தைப் பன்மொழிச் சமூகங்களையும் பூர்வகுடி மக்களையும் நேரடியாகச் சென்றடையச் செலவிட வேண்டும் என்று விதி வைத்தது. நல்ல விதி, மனதார வரவேற்கிறேன். ஆனால் வாசகத்தைக் கவனியுங்கள், மக்களைச் சென்றடைய என்றுதான் இருக்கிறது. அந்த மக்களின் ஊடகம் வழியாக என்று இல்லை. அதனால் ஒரு விளம்பரத்தைத் தமிழில் மொழிபெயர்த்து முகநூலிலோ யூடியூபிலோ ஓட்டினாலும் கணக்கு நிறைந்துவிடும். பணம் தமிழின் பெயரில் செலவாகும், ஒரு காசும் தமிழ் ஊடகத்தைத் தொடாது.

செய்தியாவது போய்ச் சேர்கிறதா என்றால், அதிலும் எனக்குச் சந்தேகம். இணைய விளம்பரத்தில் ஒருவர் எந்த மொழிக்காரர் என்று கண்டுபிடிக்கப் பெரும்பாலும் கைபேசியின் மொழி அமைப்பையும் அவர் பார்க்கிற பக்கங்களையும் வைத்துத்தான் கணிக்கிறார்கள். எங்கள் நேயர்களின் கைபேசிகளை நான் பார்த்திருக்கிறேன். மகனோ மகளோ வாங்கிக் கொடுத்தது, ஆங்கிலத்தில் அமைத்துக் கொடுத்தது, அதில் அவர்கள் தொடுவது பச்சை நிற வாட்ஸாப் படத்தையும் தொலைபேசிப் படத்தையும் மட்டும்தான். அந்தக் கருவியின் கணக்கில் அவர் ஆங்கிலம் படிக்கும் ஆள். யாருக்குத் தமிழில் சொல்லியே ஆக வேண்டுமோ, அவரிடம் மட்டும் போகாமல் மற்ற எல்லோரிடமும் போகிற விளம்பரம் அது.

அயர்லாந்தில் இந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். 2021இல் திருத்திய அவர்களுடைய அலுவல் மொழிச் சட்டம் 2022 அக்டோபரிலிருந்து பொது அமைப்புகளுக்கு இரண்டு எண்களைத் தனித்தனியாக விதிக்கிறது: ஓர் அமைப்பு செய்யும் விளம்பரத்தில் குறைந்தது 20 சதவீதம் ஐரிஷ் மொழியில் இருக்க வேண்டும், அதோடு வருடாந்திர விளம்பரச் செலவில் குறைந்தது 5 சதவீதம் ஐரிஷ் மொழி ஊடகங்கள் வழியாகப் போக வேண்டும். மொழி வேறு, அந்த மொழியின் ஊடகம் வேறு என்று சட்டத்திலேயே பிரித்துவிட்டார்கள். முதல் எண்ணை மட்டும் வைத்திருந்தால் ஆங்கிலப் பத்திரிகையில் ஐரிஷ் விளம்பரம் போட்டுவிட்டு முடித்திருப்பார்கள். ஐரிஷ் அங்கே அரசியல் சட்டத்தில் முதல் மொழி, தமிழ் இங்கே புலம்பெயர்ந்தோரின் மொழி, நிலைமை ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். நான் ஆஸ்திரேலியாவில் தமிழுக்குத் தனிச் சட்டம் கேட்கவில்லை. இருக்கிற சதவீத விதியில் 'ஊடகம் வழியாக' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தால் போதும் என்கிறேன்.

பிற நிறுவனங்களின் மேடையை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2021 பிப்ரவரி 18 அன்று பார்த்தோம். செய்திக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் சட்டத்தை எதிர்த்து முகநூல் ஆஸ்திரேலியாவில் செய்திப் பக்கங்களை எல்லாம் ஒரே காலையில் முடக்கியது. சில சுகாதாரத் துறைப் பக்கங்களும் அந்த வீச்சில் காணாமல் போயின, அதுவும் தடுப்பூசி தொடங்கவிருந்த வாரத்தில். சுமார் ஒரு வாரத்தில் திரும்ப வந்தன. அந்தச் சட்டத்தால் பெரிய ஊடகங்களுக்குப் பணம் வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு வழியில்லை, வருட வருமானம் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் இருந்தால்தான் அதில் சேரவே முடியும்.

தமிழுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், இது ஏஜென்சிகளுக்குப் புரிவதே இல்லை. கணக்கெடுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் என்று ஒரே வரியில் இருக்கிறோம். அந்த வரிக்குள் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் திறன் விசாவில் வந்த மென்பொருள்காரர்கள் இருக்கிறார்கள், 1983க்குப் பிறகு வந்த ஈழத்துக் குடும்பங்கள் இருக்கின்றன, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த தாய் தகப்பன்கள் இருக்கிறார்கள், படகில் வந்து பல வருடம் தற்காலிக விசாவிலேயே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சராசரி எடுத்தால் தமிழர்கள் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிற கூட்டம். அந்தச் சராசரியை மேலே தூக்குவது என்னைப் போன்றவர்கள், அதனால் விடுபட்டுப் போவது அந்த அம்மாவைப் போன்றவர்கள். "உங்கள் மொழிக்குத் தேவை குறைவு" என்று ஒருமுறை பதில் வந்தபோது எனக்கு உண்மையிலேயே குற்ற உணர்வு வந்தது. நாடு முழுவதும் ஆங்கிலம் நன்றாகப் பேசாத அல்லது அறவே பேசாத 8 லட்சத்து 72 ஆயிரம் பேர் இருப்பதாக 2021 கணக்கு சொல்கிறது. அவர்களில் தமிழர்கள் சிலர்தான் என்றாலும், அவர்களுக்கு வேறு வழி எதுவும் இல்லை. எங்களுக்கு முந்தைய, பிந்தைய நேரங்களில் ஒலிபரப்புகிறவர்களில் எங்களைவிடச் சின்ன சமூகத்தவர்களும் உண்டு. மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கியா, கரேன், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஹசாராகி என்று யோசித்துப் பாருங்கள். மாண்டரின், அரபி என்று பட்டியலின் மேலிருந்து கீழே பணம் இறங்கி வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. எண்ணிக்கையில் சின்ன, வந்து கொஞ்ச காலமே ஆன, ஆங்கிலம் குறைவான மொழிக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பது என் கருத்து.

ஏஜென்சிகள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. விளம்பரத்துக்காகவே உயிர்வாழும் மொழி ஊடகங்கள் உண்டு. வெளியிலிருந்து அள்ளிய செய்திகளை ஒட்டி, கடை வாசலில் கட்டுக் கட்டாக அப்படியே கிடக்கும் இதழ்களை நானே பார்த்திருக்கிறேன். பொதுப் பணம் அது, யாருக்குப் போகிறது என்று கேட்பது அரசின் கடமை. நான் கேட்பதெல்லாம், எங்களால் காட்ட முடிகிற ஆதாரத்தைக் கேளுங்கள் என்பதுதான். ஒரு நிகழ்ச்சிக்கு எத்தனை தொலைபேசி அழைப்பு வருகிறது, நிதி கேட்டபோது எத்தனை பேர் பத்து டாலர் இருபது டாலர் என்று தந்தார்கள், ஒரு முதியோர் கூடத்துக்கு வந்து நீங்களே எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

இனி சொல்லப்போவது எங்கள் குழுவுக்குள்ளேயே தீராத விஷயம். அரசின் பணம் வாங்கினால் அரசைக் கேள்வி கேட்க முடியுமா?

2014இல் ஆஸ்திரேலிய அரசு கடல்வழி வருகிறவர்களைத் தடுக்க ஒரு விளம்பரப் பிரச்சாரம் நடத்தியது. கொந்தளிக்கும் கடல், நடுவே ஒரு சின்னப் படகு, ஆஸ்திரேலியாவை உங்கள் வீடாக்க வழியே இல்லை என்ற வாசகம். பல மொழிகளில் வந்தது, தமிழிலும் வந்தது. அந்தப் படத்தைக் காட்டி எங்கள் குழுவில் ஒரு கேள்வி எழுந்தது, நாளைக்கு இப்படியொன்றை வாசிக்கச் சொல்லி நமக்கு வந்தால் என்ன செய்வோம்? கணக்காளர் அக்கா உடனே சொன்னார்: "என்ர தம்பி வந்ததே படகிலதான். என்ர வாயால நான் இதை வாசிக்க மாட்டன். காசு வராட்டிப் பரவாயில்லை." பஸ் ஓட்டும் அண்ணன் வேறு மாதிரி யோசித்தார், கடலில் போய்ச் சாகிறவர்களைத் தடுக்கிற செய்தியென்றால் அதையும் சொல்லத்தானே வேண்டும், யார் சொல்வது என்பதுதானே கேள்வி என்றார். அன்றிரவு முடிவே வரவில்லை. பிறகு ஒரு வழிக்கு வந்தோம்: அறிவிப்பு எதுவானாலும் ஆறு பேரில் ஒருவர் மறுத்தால் போடுவதில்லை.

அப்புறம் 2018இல் குயின்ஸ்லாந்தின் பிலோயலா ஊரிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பத்தை விடியற்காலையில் குடிவரவு அதிகாரிகள் தூக்கிக்கொண்டு போனார்கள். 2022 ஜூனில் அவர்கள் அதே ஊருக்குத் திரும்பும் வரை நாங்கள் அதை விடாமல் பேசினோம். குடிவரவுத் துறையைக் கேள்வி கேட்கிற பகுதிக்கும் சுகாதாரத் துறையின் அறிவிப்புக்கும் நடுவே ஒரு பாடல்தான் இருந்தது. எங்களை யாரும் மிரட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த வருடம் அறிவிப்பு குறைந்தால் அது ஏன் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு எந்த வழியும் இல்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. எழுதிவைத்த விதிப்படி வருகிற பணத்துக்கும் யாரோ ஒருவர் மனம்வைத்து வருகிற பணத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரியும்.

மனம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1975இல் மெல்பனில் தேசிய ஒலிபரப்பு நிறுவனமான ஏ.பி.சி. தொடங்கிய 3இசட்இசட் என்ற நிலையத்தில் பல மொழிக்காரர்கள் தாங்களே வந்து நிகழ்ச்சி செய்தார்கள். 1977இல், விட்லமுக்கு அடுத்து வந்த பிரதமர் பிரேசரின் காலத்தில் அதை மூடிவிட்டார்கள். வட அயர்லாந்தின் லா நுவா என்ற ஐரிஷ் நாளிதழ், பொது நிதி நின்றதும் 2008 டிசம்பரோடு நின்றுபோனது. ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கிற ஊடகத்துக்கு அந்தக் குழாயை மூடினால் போதும். அதனால்தான் சுகாதாரம், வரி, தேர்தல், முதியோர் நலம், உள்ளூராட்சி என்று பல துறைகளின் சின்னச் சின்ன அறிவிப்புகள் சேர்ந்து வருவதைப் பெரிய மானியம் ஒன்றைவிடப் பாதுகாப்பாகப் பார்க்கிறேன். ஒரு துறைக்குக் கோபம் வந்தாலும் மற்றவை இருக்கும்.

பணத்தைவிட எனக்கு அதிகமாக வேண்டியது இன்னொன்று. ஒப்புதல் பெற்ற தமிழ்ப் பிரதியை அனுப்பாதீர்கள். என்ன சொல்ல வேண்டும், எதைத் தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்று ஆங்கிலத்தில் அனுப்புங்கள், நாங்கள் தமிழில் எழுதித் தருகிறோம், உங்கள் மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சரிபாருங்கள். முப்பது விநாடியை எட்டு முறை வாங்குவதற்குப் பதிலாகப் பத்து நிமிடத்தை ஒருமுறை வாங்குங்கள். வைத்தியர் என்றால் விளங்கும் ஒருவருக்கும் டாக்டர் என்றால் விளங்கும் ஒருவருக்கும் ஒரே வாக்கியத்தில் எப்படிச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியும், வாரா வாரம் அதைத்தானே செய்கிறோம்.

கடைசியாக இப்படி ஒரு வேலை வந்தது 2025 நவம்பர் 1 அன்று புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது. வீட்டிலிருந்தபடியே உதவி பெறும் பழைய திட்டம் போய்ப் புதியது வந்தது. மருத்துவப் பராமரிப்புக்குக் கட்டணம் இல்லை, வீடு சுத்தம் செய்வது போன்ற உதவிக்கு வசதிக்கேற்ப ஒரு பங்கு கட்ட வேண்டும், ஆனால் 2024 செப்டம்பர் 12 அன்று ஏற்கெனவே உதவி பெற்றுக்கொண்டிருந்தவர்களுக்கோ அனுமதி கிடைத்திருந்தவர்களுக்கோ முன்பைவிடப் பாதகம் வராது. இதை முப்பது விநாடியில் சொல்லிப் பாருங்கள். எங்களுக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை, பட்டியலில் தமிழ் இல்லை போலிருக்கிறது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் எங்கள் தோழர் நான்கு சனிக்கிழமை தொடர்ந்து பேசினார். மறதி நோய் வந்தபிறகு ஆங்கிலம் முழுதாகப் போய் ஊர்த் தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கும் தாய்க்கு எப்படி விண்ணப்பிப்பது என்று ஒரு மகள் கேட்டார். கணவனுக்குக் கடிதம் வந்திருக்கிறது, பிள்ளைகள் வேறு மாநிலத்தில், வாசித்துக் காட்ட ஆளில்லை என்று ஒருவர் தொலைபேசியிலேயே எழுத்தெழுத்தாகச் சொன்னார். அக்கா அதை எழுதிக்கொண்டு, நிகழ்ச்சி முடிந்து வெளியே காரில் உட்கார்ந்து அவருக்கு விளக்கினார். எல்லா அழைப்பையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்திருக்கிறோம்.

படிவத்தின் ஏழாவது கட்டத்தில் அந்த நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து, பெயர்களையும் தொலைபேசி எண்களையும் மறைத்துவிட்டு இணைத்தேன். அழைத்தவர்கள் நாற்பத்தொரு பேர், அவர்களில் இருபத்தாறு பேர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழைத்தவர்கள் என்று கீழே எழுதினேன். அனுப்பி மூன்று வாரமாகிறது, பதில் வரவில்லை. இந்தச் சனிக்கிழமை மின்கட்டணச் சலுகை அட்டையைப் பற்றிப் பேசுகிறோம்.